பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

சனிக்கிழமை காலை எட்டு மணி. சுங்கைப்பட்டாணியிலிருந்து புறப்பட்ட பள்ளிப் பேருந்து பீடோங்கை அடைந்து, மெர்போக் செல்லும் சாலையில் மேற்கே திரும்பியது. உள்ளே இடைநிலைப்பள்ளி ஒன்றின் வரலாற்றுக் கழக மாணவர்கள் முப்பது பேர் இருந்தனர். சாலையின் இருபுறமும் செம்பனை மரங்கள். ஆங்காங்கே பழைய ரப்பர் மரங்கள். வலப்புறத்தில் ஜெராய் மலை மேகத்தைச் சுமந்துகொண்டு நின்றது.

மாணவர்களுள் ஒருத்தி சென்ற விடுமுறையில் பெற்றோருடன் தாய்லாந்தின் அயோத்தியா நகருக்குச் சென்று வந்தவள். 1350களின் தொடக்கத்திலிருந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சயாம் நாட்டின் தலைநகராக விளங்கி, 1767ஆம் ஆண்டில் பர்மியப் படைகளால் அழிக்கப்பட்ட நகரம் அது. அங்கே எடுத்த படங்களைத் தோழியருக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். வானளாவிய செங்கற்கோபுரங்கள், தலையிழந்த புத்தர் சிலைகள், மரத்தின் வேர்களுக்கிடையே சிக்கிக்கொண்ட புத்தரின் முகம்.

"நம் கடாரமும் இப்படித்தான் இருக்குமா, டீச்சர்?" என்று கேட்டாள்.

"போய்ப் பார்க்கலாம்," என்று மட்டும் சொன்னார் ஆசிரியை.

கடாரம் என்ற பெயர் தமிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. இராஜேந்திர சோழன் 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் பெற்றதை வகுப்பில் படித்திருக்கிறார்கள். அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா என்பதும் தெரியும். ஆனால், அந்தப் பெயருக்குரிய இடத்தைத் தாங்கள் வசிக்கும் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் அடைந்துவிடலாம் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பூஜாங் பள்ளத்தாக்கு என்பது வடக்கே ஜெராய் மலைக்கும் தெற்கே மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி. 'புஜங்கம்' என்ற வடசொல்லுக்குப் பாம்பு என்று பொருள். வளைந்து நெளிந்து ஓடும் ஆற்றைக் குறித்த அச்சொல்லே 'பூஜாங்' ஆயிற்று என்பர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பழங்கட்டடச் சிதைவுகள் இப்பகுதியில் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றை மலாய் மொழியில் 'சண்டி' என்று அழைக்கிறார்கள்.

மலையிலிருந்தே தொடங்க வேண்டும். ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். மலேசியாவின் பெரிய மலைகளோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை. ஆனால், கடற்கரையை ஒட்டிய சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் வெகு தொலைவில் வரும் கப்பலில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில் மாலுமிக்கு இதைவிட நல்ல அடையாளம் வேறென்ன வேண்டும்? இலங்கையின் தென்முனையும் இந்த மலையும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், அதாவது 6 பாகையை ஒட்டி அமைந்துள்ளன. இலங்கையைக் கடந்து நேர்கிழக்கே கப்பலைச் செலுத்தினால் நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட கடல்வழியே ஜெராய் மலையின் அடிவாரத்துக்கு வந்து சேரலாம்.

காற்றும் உதவியது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து கப்பல்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்தது. திரும்பிச் செல்ல வேண்டுமானால் நவம்பருக்குப் பிறகு வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். சீனாவிலிருந்து வரும் கப்பல்களையோ அந்த வடகிழக்குக் காற்றுதான் கொண்டுவந்தது. ஆகவே, இருதிசை வணிகரும் ஏதாவதோர் இடத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. தங்கும் இடத்தில் குடிநீர் வேண்டும், அரிசி வேண்டும், கப்பலைப் பழுதுபார்க்க மரம் வேண்டும், பொருளைப் பூட்டி வைக்கக் கிடங்கு வேண்டும். வந்தவர்களுக்குக் கும்பிட ஓர் இடமும் வேண்டும். மெர்போக் ஆற்றின் முகத்துவாரம் இவை எல்லாவற்றையும் கொடுத்தது. ஒரு துறைமுகம் பிறந்த காரணம் இவ்வளவுதான்.

சீனத் துறவி யீஜிங் கி.பி. 671ஆம் ஆண்டில் இந்தியாவிற்குப் புறப்பட்டபோது, முதலில் சுமத்திராவில் இருந்த ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். பின்னர் 'ஜியேச்சா' என்று அவர் குறிப்பிடும் துறைக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் கப்பலேறி வங்கத்தின் தாமிரலிப்தி துறைமுகத்தை அடைந்தார். அந்த ஜியேச்சா கெடாதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வடமொழி நூல்கள் 'கடாஹம்' என்று சொல்வதும் இதனையே. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகம் என்ற ஊரிலிருந்து வந்த பொருள்களையும் குறிப்பிடுகிறது. அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், காழகம் என்பது கடாரம் என்று விளக்கம் தருகிறார்.

பேருந்து மெர்போக் பட்டணத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் நின்றது. புக்கிட் பத்து பகாட் என்பது அவ்விடத்தின் பெயர். 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம் இங்கேதான் இருக்கிறது. அரும்பொருளகத்தின் பின்புறம் ஒரு சிற்றாறு பாறைகளின் மேல் சலசலத்து ஓடுகிறது. ஆற்றங்கரைச் சரிவில், மரநிழலில் இருக்கிறது சண்டி புக்கிட் பத்து பகாட். பள்ளத்தாக்கில் மிகவும் அறியப்பட்ட கோயில் அது.

மாணவர்கள் படியேறிச் சென்று பார்த்தார்கள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

"டீச்சர், கோயில் எங்கே?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால், அது நியாயமான கேள்விதான். கண்முன்னே இருந்தது கருங்கற்களால் அடுக்கப்பட்ட ஓர் அடித்தளம். ஒரு பக்கம் சதுரமாகச் சற்று உயர்ந்து நிற்கிறது. அதன் முன்னே நீண்ட தளம் ஒன்று விரிகிறது. கோபுரம் இல்லை. தூண் இல்லை. சுவரில் சிற்பம் இல்லை. அயோத்தியாவின் படங்களைக் காட்டியவள் கைப்பேசியை மெல்லப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆசிரியை மாணவர்களை அந்த நீண்ட தளத்தின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, கீழே பார்க்கச் சொன்னார். தளத்தின் மேல் வரிசை வரிசையாகக் கற்கள் பதிந்திருந்தன. அவற்றின் நடுவே குழிகள். மாணவர்கள் குனிந்து கையை விட்டுப் பார்த்தார்கள்.

அவை தூண்களின் காற்கற்கள். அந்தக் குழிகளில் ஒரு காலத்தில் மரத்தூண்கள் நின்றன. தூண்களின் மேல் மரச்சட்டமும் அதன் மேல் அத்தாப்பு போன்ற கூரையும் இருந்திருக்கும். இந்த வெயிலிலும் மழையிலும் மரம் எத்தனை நாள் தாங்கும்? கூரை போயிற்று, தூண் போயிற்று, தூண் நின்ற குழி மட்டும் எஞ்சியிருக்கிறது. அயோத்தியாவின் கோபுரங்கள் உச்சிவரை செங்கல்லால் கட்டப்பட்டவை. ஆகவே எரிந்த பின்னும் நிற்கின்றன. தவிர, இந்தக் கோயில் ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கருதப்படுகிறது. அயோத்தியா நகரம் தோன்றும்போதே இதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டு வயதாகியிருந்தது.

இப்போது அந்தத் தளத்தைப் பார்ப்பது வேறுவிதமாக இருந்தது. உயர்ந்து நிற்கும் சதுரப்பகுதி விமானம், அதாவது கருவறை இருந்த இடம். முன்னே விரியும் பகுதி மண்டபம். சுங்கைப்பட்டாணியில் உள்ள எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் முதலில் மண்டபம், பிறகு கருவறை என்றுதானே செல்கிறோம்? மாணவர்கள் அதே வரிசையில் நடந்து பார்த்தார்கள். ஒருவன் தூண்குழிகளை எண்ணத் தொடங்கினான். மற்றொருத்தி இரு குழிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தன் அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டாள். இல்லாத கட்டடம் ஒன்று மெல்ல மெல்ல அவர்கள் மனத்தில் எழுந்தது.

இந்தக் கோயிலை உலகறியச் செய்தவர்கள் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் ஆவர். இருவரும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் கெடாவின் காடுகளிலும் வயல்களிலும் தேடி, முப்பது தளங்களுக்கு எண் கொடுத்தனர். புக்கிட் பத்து பகாட் எட்டாம் எண் தளம். பின்னர் 1950களின் இறுதியில் அலஸ்டேர் லாம்ப் என்ற அறிஞர் இதனை முறையாக அகழ்ந்து, சிதறிக் கிடந்த கற்களை மீண்டும் உரிய இடத்தில் அடுக்கினார். அவருடைய அறிக்கை 1960இல் வெளிவந்தது.

அகழும்போது கருவறைப் பகுதியிலிருந்து கற்பேழைகள் கிடைத்தன. ஒரே கல்லைக் குடைந்து குழிகள் செய்து, மேலே கல்மூடியால் மூடப்பட்ட பேழைகள் அவை. உள்ளே பொன்னும் மணிக்கற்களும் வைக்கப்பட்டிருந்தன. புது வீட்டுக்கு நிலைக்கால் வைக்கும்போது அதன் அடியில் நவதானியமும் நாணயமும் இடும் வழக்கம் தமிழர் வீடுகளில் இன்றும் உண்டு. கோயில் கட்டும்போது கருவறையின் அடியில் ஒன்பது மணிகளை இடுவது சிற்ப நூல்கள் கூறும் மரபு. அந்த மரபை நன்கறிந்த ஒருவர், இந்தச் சிற்றாற்றின் கரையில் நின்று அந்தச் சடங்கைச் செய்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. மூலவர் யார் என்பதும் உறுதியாகத் தெரியவில்லை. சிவன் கோயிலாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து.

அரும்பொருளகத்துக்குள் சென்றபோது கடாரத்தின் மற்றொரு முகம் தெரிந்தது. விநாயகர் உருவின் பகுதி ஒரு பக்கம். புத்தரின் திருவுருவம் மறுபக்கம். சிவநெறியும் பௌத்தமும் இப்பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருந்தன. சீனப் பீங்கான் துண்டுகள், மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகள், வண்ண வண்ண மணிகள் ஆகியவை பெங்காலான் பூஜாங் போன்ற இடங்களிலிருந்து கிடைத்தவை. 'பெங்காலான்' என்றால் மலாய் மொழியில் படகுத்துறை. துறை இருந்த இடம் இன்று வயலும் குடியிருப்புமாக இருக்கிறது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் ஆண்டாண்டு காலமாகப் படிந்து, கடல் விலகிப் போனதே அதற்குக் காரணம். பெயர் மட்டும் கடலை நினைவில் வைத்திருக்கிறது. வெளியே புல்வெளியில் வேறு சில சண்டிகளையும் காணலாம். தங்கள் பழைய இடத்தில் காக்க முடியாத நிலையில், கல் கல்லாகப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து அமைக்கப்பட்டவை அவை.

நிழலில் அமர்ந்து உணவு உண்ணும்போது பேச்சு கடாரத்தின் மீதான படையெடுப்புக்குத் திரும்பியது. வகுப்பில் படித்ததை மாணவர்கள் பெருமையோடு சொன்னார்கள். 1025ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைகளைத் தாக்கியது; கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அந்த வெற்றியைக் கூறுகிறது. இன்றும் தமிழ்நாட்டில் கிடாரங்கொண்டான் என்ற பெயருடன் ஊர் இருக்கிறது.

"அப்படியானால் இந்தக் கோயில்களை எல்லாம் சோழர்கள் கட்டினார்கள், இல்லையா, டீச்சர்?"

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் கிடைத்த தடயங்களுள் பல, இராஜேந்திரனுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் முற்பட்டவை. 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்ற கும்பினி அதிகாரி, அக்காலத்துக்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை கெடாவுக்கு உரியதாக இருந்த செபராங் பிறையில், கல்வெட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் நடுவே பௌத்தத் தூபி ஒன்றின் உருவம். சுற்றிலும் தென்னிந்திய எழுத்து வகையில் வடமொழி வாசகம். செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற பெருமாலுமி, தன் பயணம் இனிது நிறைவேற வேண்டும் என்று அதில் வேண்டிக்கொள்கிறான். எழுத்தமைதியைக் கொண்டு அது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அந்தச் செம்மண் நாடு வங்கத்தில் இருந்ததா, மலாய்த் தீபகற்பத்திலேயே இருந்ததா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. கல் இப்போது கொல்கத்தா அரும்பொருளகத்தில் இருக்கிறது. பேரரசனின் வெற்றியைப் பாடாமல், கடலுக்கு அஞ்சிய ஒரு மனிதனின் வேண்டுதலைச் சொல்வதால் இந்தச் சிறு கல் மற்றக் கல்வெட்டுகளைவிட நெஞ்சுக்கு நெருக்கமாகிறது.

படையெடுப்புக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1006ஆம் ஆண்டை ஒட்டி, ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரையைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். சிவபக்தனான இராஜராஜ சோழன் அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் 'லைடன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்ற ஆவணத்தில் இச்செய்தி உள்ளது. அவ்வளவு நெருங்கிய நட்பு, ஒரு தலைமுறைக்குள் போராக மாறியது. சீனாவுடன் நடந்த கடல் வணிகத்தில் ஏற்பட்ட போட்டியே காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். போர் முடிந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்க சோழனிடம் வந்து, அதே விகாரைக்கு உரிய சலுகைகளை உறுதிசெய்து தருமாறு கேட்டார்கள். குலோத்துங்கன் கொடுத்தான். அதுவும் செப்பேட்டில் உள்ளது.

ஆக, போர் நடந்தது உண்மை. ஆனால் அது நீண்டதொரு வணிக உறவின் நடுவே வந்த ஒரு புயல். கடாரத்தைச் சோழரின் வெற்றிச் சின்னமாக மட்டும் பார்ப்பவர்கள், இந்த மண்ணில் வாழ்ந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். வேல்ஸ் தம் ஆய்வறிக்கையில் இதனை இந்தியக் குடியேற்றம் என்றே எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. கல்லை வெட்டியவர்கள், செங்கல் சுட்டவர்கள், காட்டிலிருந்து அகிலும் பிசினும் கொண்டுவந்தவர்கள், துறையை ஆண்ட தலைவர்கள் எல்லாரும் பெரும்பாலும் இவ்விடத்து மக்களே. கடல் கடந்து வந்த சமயமும் கட்டடக் கலையும் அவர்களுக்குப் பிடித்திருந்தன, எடுத்துக்கொண்டார்கள், தங்கள் மரத்தாலும் தங்கள் கல்லாலும் கட்டினார்கள். பின்னர் இஸ்லாம் வந்தபோது அதனை ஏற்றவர்களும் இம்மக்களின் வழிவந்தவர்களே.

"அப்போது வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள்தானே நாம்?" என்று அளவுகோல் வைத்திருந்த மாணவி கேட்டாள். அவளுடைய பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்.

அதற்கும் ஆம் என்று சொல்லிவிட முடியாது. பழைய வணிகர்கள் சிலர் இங்கேயே தங்கி, காலப்போக்கில் இம்மண்ணின் மக்களோடு கலந்திருப்பர். இன்றைய கெடாத் தமிழர்களில் பெரும்பாலோரின் முன்னோர் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்வதற்காகக் கங்காணிகள் வழியாக வந்தவர்கள். அவர்கள் வந்து ஏறக்குறைய நூறாண்டுகள் ஆகின்றன. இரண்டு வருகைகளுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. எனினும் ஒரு வியப்பு: சென்னையிலிருந்து புறப்பட்டு வந்த ரஜூலா போன்ற கப்பல்கள் பயணிகளை ஏற்றிக்கொண்ட துறைகளுள் ஒன்று நாகப்பட்டினம், அடுத்து அவை நின்ற துறை பினாங்கு. கடாரத்து அரசன் விகாரை கட்டிய அதே ஊரிலிருந்துதான் பலருடைய கொள்ளுப்பாட்டனாரும் கப்பலேறியிருக்கிறார்கள். செம்பனைக்கும் ரப்பருக்கும் காடழித்து நிலம் திருத்தியபோது மண்ணுக்கடியில் இருந்த பழஞ்செங்கல்லின் மேல் மண்வெட்டி பட்ட கைகளில் தமிழர் கைகளும் இருந்திருக்கும்.

பிற்பகலில் திரும்பும் வழியில் பேருந்து சுங்கை பத்து என்ற இடத்தில் நின்றது. செம்பனைத் தோட்டமாக இருந்த இந்நிலத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2009ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கியது. இங்கே கிடைத்தவை பள்ளத்தாக்கின் வரலாற்றையே மாற்றின. கோயில்கள் மட்டும் நிறைந்த ஊர் என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு தொழில் நகரம் வெளிப்பட்டது. இரும்பு உருக்கிய உலைகள், மலைபோல் குவிந்த இரும்புக் கசடு, களிமண் குழாய்கள், செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஆகியவை அங்கே கிடைத்தன.

அந்தக் களிமண் குழாயின் வேலையை அறிந்தால் இடத்தின் சிறப்பு புரியும். இரும்புத் தாதையும் மரக்கரியையும் உலையில் அடுக்கித் தீமூட்டுவார்கள். வெறும் தீயில் தாது இரும்பாகாது. வெப்பம் ஆயிரம் பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும். அதற்குத் துருத்தியால் இடைவிடாமல் காற்று ஊத வேண்டும். துருத்தியிலிருந்து உலைக்குள் காற்றைக் கொண்டுசெல்வதே அந்தக் குழாய். உலைக்குள் நீண்டிருக்கும் அதன் முனை கடும் வெப்பத்தில் உருகிச் சிதைந்துவிடும். பிறகு எறிந்துவிட வேண்டியதுதான். எனவே, எறியப்பட்ட குழாய்கள் மிகுதியாகக் கிடைத்தால் இரும்பு உருக்கும் வேலையும் மிகுதியாக நடந்தது என்று பொருள். சுங்கை பத்துவில் அவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மாணவன் ஒருவன் காலடியில் கிடந்த கருமையான, துளைதுளையான கட்டியைப் பார்த்துக் கல் என்று நினைத்தான். அது கசடு.

இத்தளத்தின் வயது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. வட்டமான செங்கல் அடித்தளத்தின் மேல் அமைந்த சடங்குக் கட்டடம் ஒன்று கி.பி. 110ஆம் ஆண்டை ஒட்டியது என்று ஆய்வுக் குழு அறிவித்தது. இரும்புத் தொழில் அதற்கும் முன்பே, கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்றும் கூறியது. அவ்வளவு பழைமையை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் எளிது. கரியை ஆய்ந்து காலம் கணிக்கும் முறை, அந்த மரம் எப்போது உயிரோடு இருந்தது என்பதையே சொல்லும். இருநூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுப்பகுதியை வெட்டிக் கரியாக்கினால், உலை எரிந்த காலத்தைவிட விடை இருநூறு ஆண்டு முந்தியே வரும். ஆகவே பல சான்றுகளை ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். மிகப் பழைய தேதியைக் கேட்டவுடன் மகிழ்ந்து கைதட்டுவதைவிட, அது எப்படிக் கிடைத்தது என்று கேட்பதே வரலாற்று மாணவருக்கு அழகு.

சுங்கை பத்துப் பகுதியில் முன்பு மற்றொரு சண்டியும் இருந்தது. வேல்ஸ் கொடுத்த வரிசையில் அது பதினோராம் எண். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாகக் கருதப்பட்ட அந்த அடித்தளம், தனியாருக்குச் சொந்தமான நிலத்தில் இருந்தது. 2013ஆம் ஆண்டில் வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது மண்வாரி இயந்திரம் அதனை இடித்துத் தள்ளியது. அந்த ஆண்டு டிசம்பரில் செய்தி வெளிவந்ததும் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால், அச்சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால் அந்த இடம் மரபுடைமைத் தளமாக அரசிதழில் பதிவாகியிருக்க வேண்டும். பதினோராம் எண் சண்டி பதிவாகவில்லை.

"எழுபது வருஷத்துக்கும் மேல் எல்லாருக்கும் தெரிந்த இடம்தானே, டீச்சர்? ஏன் யாரும் பதியவில்லை?" என்று தூண்குழிகளை எண்ணிய மாணவன் கேட்டான்.

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. நிலம் தனியாருடையது, பதிவு செய்ய அளவெடுக்க வேண்டும், இழப்பீடு பேச வேண்டும், மாநிலமும் மத்திய அரசும் ஒத்துழைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். கோபுரமும் சிலையும் இல்லாத கல்வரிசையை வெறும் கல்வரிசையாகவே பலர் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். காலையில் அவன் கேட்ட கேள்வி அவனுக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான்.

பேருந்து புறப்பட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜெராய் மலை இப்போது இடப்புறம் வந்திருந்தது. அளவுகோல் வைத்திருந்த மாணவி, புக்கிட் பத்து பகாட்டில் எடுத்த அளவுகளை வைத்துக் குறிப்பேட்டில் மண்டபத்தை வரையத் தொடங்கியிருந்தாள். அயோத்தியாவுக்குப் போய்வந்த தோழி பக்கத்தில் உட்கார்ந்து, தூண்கள் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கேட்டாள். குழியின் அகலம் தெரியும், உயரம் தெரியாது. இருவரும் சிறிது நேரம் வாதிட்டுவிட்டு, தூண்களைப் புள்ளிக்கோடுகளால் வரைந்தார்கள்.